கேம்பிங் வானின் வெளி லைட் கரைச்சல் தந்தால்

டொல்பின் வானையோ டவுன் ஏஸையோ கேம்பிங் போவதற்கென்று மாற்றிக் கட்டுபவர்கள் கட்டிலுக்கும் அடுப்புக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் நாள் கணக்கில் மண்டையை உடைப்பார்கள். வெளி லைட்டுக்கு வரும்போது மட்டும் புறப்படுவதற்கு முதல் நாள் பின்னேரம் ஆகிவிடும். பின் கதவுக்கு மேல் இரண்டு, பக்கவாட்டில் ஒன்று, ரூப் ரெக்கில் ஒரு பார் லைட் என்று பூட்டி, கையில் கிடைத்த வயரை இழுத்து, முறுக்கி டேப் சுற்றிவிட்டால் அன்றைக்கு நன்றாகத்தான் எரியும். முதல் மழைக்குப் பிறகுதான் கரைச்சல் தொடங்கும்.

தொடங்கியதும் பலர் நேராகப் பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் புது லைட் வாங்குகிறார்கள். அதையும் பூட்டிப் பார்த்து, அதுவும் எரியாமல், அப்புறம்தான் வயரைப் பார்ப்பார்கள். உண்மையில் லைட்டைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும். கோளாறு பெரும்பாலும் ஒரு முனையில், ஒரு மூட்டில், அல்லது பொடியில், அதாவது வானின் உலோக உடலில், எர்த் (மைனஸ்) பிடித்த இடத்தில் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க லைட்டைக் கழற்றத் தேவையில்லை. லைட் எரியும் நிலையில், அல்லது எரிய முயலும் நிலையில், சரியான இடங்களில் மீட்டரை வைத்தால் போதும்.

கீழே சொல்வதெல்லாம் இந்த அமைப்பை மனதில் வைத்துத்தான்: பெட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ். அங்கிருந்து தடித்த வயர் ரிலேயின் 30ஆம் காலுக்கு. (ரிலே என்பது உள்ளே இருக்கும் கொயில் என்ற கம்பிச் சுருளுக்குச் சின்னக் கரண்ட் கொடுத்தால் பெரிய கரண்டைச் சேர்த்துவிடும் சுவிட்ச்.) 87ஆம் காலிலிருந்து லைட்டுக்கு. லைட்டின் மறு வயர் பொடியில் எர்த். டெஷ்போர்டில் உள்ள சுவிட்சிலிருந்து மெல்லிய வயர் 86க்கு வரும், 85 எர்த்துக்குப் போகும். உங்கள் வானில் ரிலே இல்லாமல் சுவிட்ச் வழியாகவே முழுக் கரண்டும் போகிறதென்றால், ஒரு 18 வாட் லைட்டுக்கு அது பரவாயில்லை. 120 வாட் பார் லைட்டுக்கு 10 அம்பியர் தேவை. சின்ன சுவிட்ச் அதைத் தாங்காது, உள்ளே கருகும்.

கையில் இருக்க வேண்டியவை மூன்று. ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர்: புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும் மலிவானதே போதும். இரண்டு வயர் பிடித்த 21 வாட் சிக்னல் பல்ப் ஒன்று. இரு முனையிலும் கிளிப் உள்ள ஐந்து மீட்டர் வயர். இந்தச் சிக்னல் பல்பை எல்இடி வந்த பிறகு எல்லோரும் தூக்கி எறிந்துவிட்டார்கள். சோதனைக்கு அதைவிட நல்ல கருவி கிடையாது. பியூஸ் பகுதிக்கு வரும்போது ஏன் என்று தெரியும்.

வயரைக் கழற்றும் வேலை எதுவானாலும் முதலில் பெட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். மோதிரம், மணிக்கூட்டையும் கழற்றி வையுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் பிளஸுக்கும் பொடிக்கும் நடுவில் மோதிரம் மாட்டினால் விரல் வெந்துவிடும்.

சுவிட்சைப் போட்டால் ஒன்றுமே நடக்கவில்லை

எஞ்சினை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுங்கள். சுவிட்சைப் போடும்போது ரிலேயில் ‘டிக்’ என்று சத்தம் வருகிறதா? இந்த ஒரு கேள்வி வேலையைப் பாதியாகக் குறைத்துவிடும்.

சத்தம் இல்லையென்றால் கோளாறு மெல்லிய வயர் பக்கம். சுவிட்சைப் போட்ட நிலையில் 86ஆம் காலில் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். வரவில்லையென்றால் சுவிட்சுக்கு முன்னாலோ பின்னாலோ அறுந்திருக்கிறது, அல்லது அந்த சுவிட்ச் கரண்ட் எடுக்கும் பியூஸ் போயிருக்கிறது. 86இல் வந்து 85க்கு எர்த் இல்லையென்றால் எர்த் வயரைப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் சத்தமில்லையென்றால் ரிலேயைக் கழற்றி 85, 86 கால்களுக்கு இடையே ஓம் பாருங்கள். 12 வோல்ட் ரிலேக்குச் சாதாரணமாக 70 முதல் 100 ஓம் வரை காட்டும். எதுவும் காட்டாவிட்டால் கொயில் அறுந்துவிட்டது.

ரோசா, கோஸ்டர் போன்ற பஸ்ஸை மாற்றிக் கட்டியவர்கள் இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அவற்றில் பல 24 வோல்ட். லைட்டின் பெட்டியில் 9 முதல் 32 வோல்ட் என்று போட்டிருக்கும், அதனால் லைட் தாங்கிவிடும். 12 வோல்ட் ரிலே தாங்காது. கொஞ்ச நேரம் வேலை செய்துவிட்டுக் கொயில் கருகிவிடும்.

பழைய சாமான் கடையில் கழற்றி எடுத்த ஜப்பான் ரிலே என்றால் கால்களின் இடத்தை நினைவிலிருந்து முடிவு செய்யாதீர்கள். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், உள்ளே கால் மாறியிருக்கும். மேல்மூடியில் சின்னதாக ஒரு படம் அச்சிட்டிருக்கும், அதை வாசியுங்கள். உள்ளே டயோட் (கரண்டை ஒரு பக்கமாக மட்டும் விடும் சாமான்) வைத்த ரிலேயும் உண்டு. அதற்கு 85, 86 மாறக்கூடாது. மாற்றிக் கொடுத்தால் டயோட் வழியே ஷார்ட் ஆகும்.

சரி, ‘டிக்’ கேட்கிறது, லைட் எரியவில்லை. அப்படியானால் தடித்த வயர் பக்கம். முதலில் பியூஸ். அதைக் கழற்றிக் கண்ணால் பார்ப்பதை விட, இருந்த இடத்திலேயே அதன் முதுகில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளிலும் மீட்டர் ஊசியை வைத்துப் பார்ப்பது நல்லது. இரண்டிலும் 12 வோல்ட் இருந்தால் பியூஸ் நல்லது. ஒன்றில் மட்டும் இருந்தால் போய்விட்டது. அடுத்து ரிலேயின் 30, அப்புறம் 87. 30இல் வந்து 87இல் வராவிட்டால் ரிலேயின் உள்தொடர்பு கருகியிருக்கிறது. 87 வரை வந்தால் லைட்டின் பிளக்குக்குப் போங்கள்.

அங்கேதான் எல்லோரும் ஏமாறும் இடம். பிளக்கைக் கழற்றி மீட்டரை வைத்தால் அழகாக 12.4 காட்டும். “கரண்ட் வருது, லைட்தான் செத்துட்டுது” என்று கராஜில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். மீட்டர் இழுக்கும் கரண்ட் ஏறத்தாழ பூச்சியம். பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒரே இழையில் தொங்கும் வயரும் மீட்டருக்கு 12 வோல்ட் காட்டும். பிளக்கை லைட்டோடு மாட்டிய நிலையில், பின்பக்கத்தால் ஊசியை நுழைத்துப் பாருங்கள். அப்போது 4 வோல்ட்டுக்கு இறங்கினால் வயரில் கோளாறு. பிளக்கின் இரண்டு கால்களுக்கு நடுவில் முழு 12 இருந்தும் எரியாவிட்டால் மட்டுமே லைட்டைக் குறை சொல்லலாம்.

மங்கலாக எரிகிறது, அல்லது சிமிட்டுகிறது

கேம்பிங் வான்களில் அதிகம் வரும் கோளாறு இதுதான். தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

பழைய ஹலஜன் பல்ப் வோல்ட் குறைந்தால் மஞ்சளாகி மங்கும். நல்ல எல்இடி லைட் அப்படி இல்லை. அதன் உள்ளே ஒரு டிரைவர் சர்க்யூட் உண்டு. வோல்ட் குறைந்தால் அது கூடுதல் அம்பியரை இழுத்து வெளிச்சத்தை அப்படியே வைத்திருக்கப் பார்க்கும். கூடுதல் அம்பியர் இழுத்தால் வயரில் இழப்பு இன்னும் கூடும், வோல்ட் இன்னும் இறங்கும். ஓர் எல்லைக்குக் கீழே போனதும் டிரைவர் கைவிடும், லைட் அணையும். அணைந்ததும் சுமை போய் வோல்ட் ஏறும், மறுபடி எரியும். நீங்கள் பார்க்கும் சிமிட்டல் அதுதான். டிரைவர் இல்லாத மலிவு லைட்கள் மட்டும் பழைய பல்பைப் போல மங்கும். ஆகவே சிமிட்டும் லைட்டைப் பார்த்ததும் “சைனா சாமான், பழுதாகிவிட்டது” என்று முடிவு கட்டாதீர்கள். அது பட்டினி கிடக்கிறது.

சோதனை இப்படி. லைட் எரியட்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒரு ஊசியை பெட்டரியின் பிளஸ் முனையில் வையுங்கள். மற்றதை, அந்தக் கிளிப் வயரின் உதவியோடு, லைட்டின் பிளஸ் காலில் வையுங்கள். காட்டும் எண் பிளஸ் பக்கத்தில் வழியில் தொலையும் வோல்ட். அதேபோல லைட்டின் மைனஸ் காலிலிருந்து பெட்டரியின் மைனஸ் முனைக்கு. இரண்டையும் கூட்டினால் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கத்தில் மட்டும் தேடினால் போதும். அந்தப் பக்கத்திலும் ஊசியை ஒவ்வொரு மூட்டாக நகர்த்தி வாருங்கள். ஓரிடத்தில் எண் திடீரென்று குதிக்கும். அந்த மூட்டுத்தான்.

மைனஸ் பக்கத்தில்தான் அதிகமாகக் குதிக்கும் என்று நான் பந்தயம் கட்டுவேன். பிளஸ் வயருக்குப் பியூஸ், ரிலே, தடித்த வயர் என்று எல்லா மரியாதையும் செய்துவிட்டு, திரும்பி வரும் அதே 10 அம்பியருக்குப் பெயின்டின் மேல் ஒரு ஸ்க்ரூவை முடுக்கிவிடுவார்கள். ரூப் ரெக்கில் எர்த் பிடிப்பது இன்னும் மோசம். ரெக்கின் கால்கள் ரப்பரின் மேல் உட்கார்ந்திருக்கும், இல்லாவிட்டால் பவுடர் பெயின்ட் அடித்திருக்கும். கரண்டுக்கு அங்கே பாதையே இல்லை. பைபர் கூரை போட்ட வானுக்கும் இதே கதை. பின் கதவில் பூட்டிய லைட் கதவின் கீலை நம்பி எர்த் எடுத்தால், கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் சிமிட்டும்.

இதற்கு மருந்து லைட்டிலிருந்து பெட்டரி மைனஸ் வரை பிளஸ் வயரின் அதே தடிப்பில் தனி வயர் இழுப்பது. பொடியில்தான் பிடிக்க வேண்டுமென்றால், பெயின்டைச் சுரண்டி வெள்ளி உலோகம் தெரிய வைத்து, வளைய டெர்மினலும் பல் வைத்த வொஷரும் போட்டு நன்றாக முடுக்கி, மேலே கிரீஸ் அல்லது பெயின்ட் பூசுங்கள். கிளிப் வயரால் லைட்டின் மைனஸை நேராக பெட்டரி மைனஸோடு தொட்டுப் பார்த்தால், இந்த வேலை தேவையா இல்லையா என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும். “பாஸ், லைட்ட மாத்த வேணாம், முதல்ல எர்த்தப் பாருங்க” என்று மெக்கானிக்கிடம் சொல்வதற்கு முன் இதைச் செய்து காட்டினால் அவரும் மறுத்துப் பேச மாட்டார்.

இனி வயரின் தடிப்பு. பெட்டரி முன்னால், லைட் பின் கதவில் என்றால் வயர் வளைந்து நெளிந்து 6 மீட்டர் போகும். திரும்பி வரவும் 6 மீட்டர். மொத்தம் 12. ஒரு சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் மீட்டருக்கு ஏறத்தாழ 0.0175 ஓம். 10 அம்பியர் ஓடினால் 12 மீட்டரில் 2.1 வோல்ட் தொலைந்துவிடும். 2.5 சதுர மில்லிமீட்டர் என்றால் 0.84. 4 என்றால் அரை வோல்ட்டுக்குச் சற்று மேலே. பெட்டிக்குள் லைட்டோடு வரும் வயர் செட்டை நம்பாதீர்கள். பிளாஸ்டிக் உறை தடிப்பாக இருக்கும், உள்ளே செப்பு மெல்லியதாக இருக்கும்.

வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 7/0.67 (0.67 மில்லிமீட்டர் தடிப்பில் ஏழு இழை) வயரை வானுக்கு இழுப்பதும் இங்கே வழக்கம். அதன் செப்பு 2.5 சதுர மில்லிமீட்டர்தான், கணக்குச் சரி. ஆனால் ஏழே இழை. வானின் அதிர்வுக்கும் கதவின் மடிப்புக்கும் அது முறியும். ஒரே இழையான 1/1.13ஐச் சொல்லவே வேண்டாம். பல மெல்லிய இழைகள் உள்ள ஓட்டோ கேபிள் கேட்டு வாங்குங்கள். வாங்கும்போது நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். மேலே சிவப்பாக இருந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செப்பு முலாம் பூசிய அலுமினியம். அதன் தடை செப்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலே, முனையில் சீக்கிரம் அரிக்கவும் செய்யும். மேலே வெள்ளையாக இருந்து உள்ளே சிவப்பாக இருந்தால் வெள்ளீயம் பூசிய செப்பு, அது நல்ல சாமான்.

கொழும்புக்கென்றே ஒரு காரணமும் உண்டு: உப்புக் காற்று. வெள்ளவத்தை, தெஹிவளையில் கடலைப் பார்த்து வானை நிறுத்தி வைப்பவர்களின் வயர் முனைகள் பச்சை பூத்துப் போகும். அந்தப் பச்சை உறைக்குள்ளே இழை வழியாகவே உள்ளே ஏறும். முனையை மட்டும் வெட்டிப் புது டெர்மினல் அடித்தால் சில மாதத்தில் திரும்ப வரும். உறையைச் சீவிச் சீவிப் பளபளப்பான செப்பு தெரியும் வரை வெட்டுங்கள். வயர் நீளம் போதாதென்றால் புதிதாக இழுங்கள். முறுக்கி டேப் சுற்றிய மூட்டு எதையும் விட்டுவைக்காதீர்கள். சரியான கருவியால் டெர்மினலை நசுக்கிப் பிடித்து (கிரிம்ப் செய்து), உள்ளே பசை உள்ள, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள்.

ரிலேயே ‘டக டக டக’ என்று அடித்துக்கொண்டு லைட் துடிக்கிறதென்றால், கொயிலும் லைட்டும் ஒரே பலவீனமான வயரிலிருந்தோ ஒரே கெட்ட எர்த்திலிருந்தோ கரண்ட் எடுக்கின்றன. ரிலே பிடித்ததும் லைட் வோல்ட்டைக் கீழே இழுக்கும், கொயிலுக்குப் போதாமல் ரிலே விடும், வோல்ட் ஏறியதும் மறுபடி பிடிக்கும். மேலே சொன்ன அதே சோதனைதான் இதற்கும்.

பியூஸ் போகிறது

எப்போது போகிறது என்று கேளுங்கள்.

சுவிட்சை அழுத்திய கணத்திலேயே போனால், அதுவும் உள்ளே லைட் எரியும் மூன்று கால் சுவிட்சைப் புதிதாக மாட்டியிருந்தால், கால்களை மாற்றிக் கொடுத்திருப்பீர்கள். அதில் ஒரு கால் கரண்ட் வர, ஒன்று வெளியே போக, மூன்றாவது சுவிட்சின் சின்ன விளக்குக்கான எர்த். வெளியே போகும் காலில் எர்த்தைக் கொடுத்துவிட்டால், சுவிட்சைப் போடுவதென்பது பிளஸை நேரடியாக எர்த்தோடு சேர்ப்பதுதான்.

ஓடும்போது போய், நிற்கும்போது ஒன்றும் இல்லையென்றால் வயர் எங்கோ தகரத்தில் உரசுகிறது. கூரையில் போட்ட துளை, பின் கதவின் மடிப்பு, சறுக்கும் பக்கக் கதவின் தண்டவாளம், கட்டில் சட்டத்தை இறுக்கிய ஸ்க்ரூ. இந்த நான்கையும் முதலில் பாருங்கள். கட்டில் ஸ்க்ரூ வேடிக்கையானது. தச்சு வேலை செய்தவருக்கு வயரிங் போன பாதை தெரியாது, வயரிங் செய்தவருக்கு ஸ்க்ரூவின் நீளம் தெரியாது.

தேடும்போது பியூஸ் மேல் பியூஸாக எரிக்க வேண்டாம். அந்த 21 வாட் பல்பை இப்போது எடுங்கள். லைட்களின் பிளக்கை எல்லாம் கழற்றிவிட்டு, பியூஸ் இருந்த இடத்தில் பல்பின் இரண்டு வயரையும் மாட்டி, சுவிட்சைப் போடுங்கள். ஷார்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும். ஆனால் 1.75 அம்பியருக்கு மேல் போகாது, அதனால் எதுவும் கருகாது. இப்போது வயர் போகும் வழியெல்லாம் ஒவ்வோரிடமாக அசைத்து, இழுத்துப் பாருங்கள். கதவைத் திறந்து மூடுங்கள். பல்ப் எந்த இடத்தில் கை வைத்ததும் அணைகிறதோ அங்கேதான் உரசல். ஒருவர் பல்பைப் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் வயரை அசைத்தால் சுலபம்.

பத்து நிமிடம், கால் மணித்தியாலம் எரிந்த பிறகு போனால் அது ஷார்ட் இல்லை. சுமை அதிகம், அல்லது பியூஸ் ஹோல்டர் சூடாகிறது. தொட்டுப் பாருங்கள். ஹோல்டர் பிளாஸ்டிக் உருகிப் பியூஸ் நன்றாக இருந்தால், உள்ளே தொடர்பு தளர்ந்து சூடேறியிருக்கிறது. பியூஸைப் பெரிதாக்கினால் இது தீராது, வானில் தீப்பிடிக்கும். பியூஸ் வயரைக் காப்பதற்கானது, லைட்டைக் காப்பதற்கல்ல. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 10 அம்பியர் சிவப்பு, 1.5க்கு 15 நீலம், 2.5க்கு 20 மஞ்சள். இதற்கு மேலே போகாதீர்கள். சிகரெட் பெட்டித் தகட்டுத் தாளைச் சுற்றி மாட்டும் வித்தையைப் பற்றிப் பேசவே போவதில்லை.

சுவிட்சை அணைத்தும் லைட் எரிகிறது

முழு வெளிச்சத்தில் எரிந்து, சுவிட்சைப் போட்டால் அணைகிறதென்றால், லைட் வயர் 87க்குப் பதிலாக 87ஏ காலில் இருக்கிறது. ஐந்து கால் ரிலேயின் நடுவில் இருப்பது அது. ஓய்வில் இருக்கும்போது 30ஓடு சேர்ந்திருக்கும். மாற்றி மாட்டினால் சரி.

எப்படிப் போட்டாலும் அணையவே இல்லையென்றால் ரிலேயின் தொடர்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரிலேயைத் தட்டினால் விடும். ஆனால் மறுபடி ஒட்டும், அதனால் மாற்றிவிடுங்கள்.

அணைத்த பிறகும் இருட்டில் மெல்லியதாக மினுங்கினால் எங்கிருந்தோ சில மில்லி அம்பியர் கசிகிறது. எல்இடிக்கு அதுவே போதும். நனைந்த பிளக், அல்லது ரிலே இல்லாமல் உள்ளே டிரான்சிஸ்டரால் ஓடும் தொடு சுவிட்ச் பலகை. முதலாவதை உலர்த்திச் சுத்தப்படுத்துங்கள். இரண்டாவதற்கு லைட்டின் இரண்டு வயருக்கும் குறுக்கே 1 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்று வைத்தால் மினுங்கல் நின்றுவிடும்.

இன்னொன்று சோலார் வைத்த வான்களில் மட்டும் வருவது, மண்டையைக் குழப்பும். மலிவு வகையான பிடபிள்யூஎம் (PWM) சோலார் கொன்ட்ரோலரில் பல்பு படம் போட்ட வெளியீட்டிலிருந்து லைட்டுக்குக் கரண்ட் எடுத்திருப்பீர்கள். கொன்ட்ரோலரின் பொத்தானை அழுத்தினாலும் அணையாது. பெட்டரி இறங்கி 11 வோல்ட்டுக்கு வந்தாலும் துண்டிக்காது. காரணம், அந்த வகையில் பிளஸ் எப்போதும் பெட்டரியோடு சேர்ந்தே இருக்கும். கொன்ட்ரோலர் திறந்து மூடுவது மைனஸ் பக்கத்தை. லைட்டின் மைனஸைப் பொடியில் கொடுத்து, பொடி பெட்டரி மைனஸோடு சேர்ந்திருந்தால், கரண்ட் கொன்ட்ரோலரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். கொன்ட்ரோலரின் மைனஸ் வெளியீட்டுக்குத் தனி வயரைக் கொண்டுவர வேண்டும், லைட்டின் உடலும் தாங்கியும் அதோடு தொடர்பில்லாமல் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் பெரிய லைட்டை அந்த வெளியீட்டில் மாட்டவே வேண்டாம். பெட்டரியிலிருந்து பியூஸ், ரிலே வழியாக எடுத்துவிட்டு, வோல்ட் குறைந்தால் துண்டிக்கும் தனிக் கருவி ஒன்றை வைத்துக்கொள்ளலாம். கொன்ட்ரோலரின் மேல் 10 அம்பியர் என்று எழுதியிருப்பதை நம்பிப் பார் லைட் மாட்டுவது எனக்கு ஒப்பாது.

ஒன்றைப் போட்டால் இன்னொன்றும் எரிகிறது

பின் லைட் ரிவர்ஸ் கியரில் தானாகவும் எரிய வேண்டும், நிறுத்தி வைத்திருக்கும்போது சுவிட்சாலும் எரிய வேண்டும் என்று பலர் விரும்புவார்கள். நல்ல விருப்பம்தான். அதற்காக ரிவர்ஸ் லைட் வயரையும் சுவிட்ச் வயரையும் சேர்த்து 86இல் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் முகாமில் சுவிட்சைப் போட்டால் ரிவர்ஸ் பல்பும் எரியும், டெஷ்போர்ட் திரையில் கெமராவும் வந்து நிற்கும். சுவிட்சின் கரண்ட் ரிவர்ஸ் வயரில் பின்னோக்கி ஓடுகிறது. இரண்டு வயரிலும் ஆளுக்கொரு 1என்4007 டயோட் போட்டு, வெள்ளிக் கோடு ரிலேயைப் பார்த்து இருக்கும்படி சேர்த்தால் முடிந்தது. கொயிலுக்கு 0.2 அம்பியருக்கு மேல் போகாது. அந்த டயோட் 1 அம்பியர் தாங்கும்.

வெளி லைட்டைப் போட்டால் டெயில் லைட் மெல்ல எரிகிறதா? வானோடு வந்த கொம்பனி வயரிங்கின் டெயில் லைட் எர்த்தை யாரோ இரவல் வாங்கியிருக்கிறார்கள், அந்த எர்த் இப்போது பழுது. கரண்ட் வேறு வழியில்லாமல் டெயில் பல்ப் வழியாக வீடு திரும்புகிறது.

காலையில் ஸ்டார்ட் வரவில்லை

முதலில் கணக்குப் பாருங்கள், கோளாறே இல்லாமலும் இருக்கலாம். 27 வாட் லைட் இரண்டு என்றால் 4.5 அம்பியர். இரவு 6 மணித்தியாலம் எரிந்தால் 27 அம்பியர் மணி. 60 அம்பியர் மணி ஸ்டார்ட் பெட்டரியில் ஏறத்தாழ பாதி போய்விட்டது. சும்மா இருக்கும் ஈய பெட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேலே காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி. மீமுரே போன்ற ஒதுக்குப்புறத்தில் வைத்துத் தள்ளி ஸ்டார்ட் செய்யத் தயாரில்லையென்றால் வெளி லைட்டை இரண்டாவது பெட்டரியில் மாட்டுங்கள்.

லைட் போடாத இரவிலும் இறங்கினால், எல்லாவற்றையும் அணைத்து, மைனஸ் முனையைக் கழற்றி, மீட்டரை 10 அம்பியர் அளவில் வைத்து முனைக்கும் பெட்டரிக்கும் நடுவில் மாட்டுங்கள். அந்த நிலையில் ஸ்டார்ட் செய்யாதீர்கள், மீட்டர் போய்விடும். வானோடு வந்த கணினிகள் தூங்கப் போவதற்கு அரை மணித்தியாலம் வரை எடுக்கும். அதன் பிறகு 0.05க்குள் இருந்தால் பரவாயில்லை. 0.15, 0.2 என்று நின்றால் ஒரு ரிலே பிடித்தபடியே இருக்கிறது. கையால் தொட்டால் இளஞ்சூடாக இருப்பது அதுதான். ஒரு நாளைக்கு 5 அம்பியர் மணி வரை அதுவே குடிக்கும். ரிமோட் வைத்த சுவிட்ச் பலகைகளும் தூங்குவதாகச் சொல்லிக்கொண்டு கரண்ட் இழுக்கும். பியூஸை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் குற்றவாளி அகப்படுவார்.

கண்ணாடிக்குள் தண்ணீர்

லைட்டின் தண்ணீர்த் தடுப்புத் தரம் ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணித்தியாலம் தாங்கும். சேர்விஸ் ஸ்டேஷனில் பொடி வொஷ் துப்பாக்கியைக் கிட்ட வைத்து அடிப்பதை அது குறிக்காது. எரிந்து சூடான லைட் மேல் மழை விழுந்தால் உள்காற்று சுருங்கி, பழுதான ரப்பர் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். லேசான ஆவி எரியவிட்டதும் மறைந்தால் கவலைப்படாதீர்கள். துளி துளியாக நின்றால் கழற்றி, ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, வெயிலில் காயவைத்து, கண்ணாடி ஓரத்தில் சிலிக்கன் பூசுங்கள். பின்னால் சின்ன மூச்சுத் துளை இருந்தால் அதை மட்டும் அடைக்காதீர்கள்.

வயர் லைட்டுக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும். தண்ணீர் அதில் சொட்டிவிடும், பிளக்குக்குள் ஓடாது. கூரைத் துளைக்கு ரப்பர் வளையம் போட்டு, வயரை முன்பக்கமாக அல்லாமல் பின்பக்கமாக உள்ளே விடுங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவ மழையில் ஓடும் வானுக்கு இந்தச் சின்ன விஷயங்கள்தான் பிளக்கைக் காக்கும்.

லைட் போட்டால் ரேடியோ இரைகிறது

சூரியன் எப்.எம். கேட்டுக்கொண்டிருக்கும்போது லைட்டைப் போட்டதும் ‘ஸ்ஸ்’ என்று வந்தால் டிரைவர் சர்க்யூட்டின் இரைச்சல். லைட் வயரை ஏரியல் வயரிலிருந்து தள்ளி வையுங்கள், பிளஸையும் மைனஸையும் ஒன்றாக முறுக்கி இழுங்கள், லைட்டுக்கு அருகில் இரைச்சலை அடக்கும் பெரைட் வளையம் ஒன்றில் இரண்டு வயரையும் சேர்த்து நாலைந்து சுற்றுச் சுற்றுங்கள். மலிவு லைட்களில் அப்படியும் கொஞ்சம் மிஞ்சும்.

வீதியில் ஓடும்போது இந்த லைட்கள் எதுவும் எரியக்கூடாது. எதிரே வருபவரின் கண்ணைக் குருடாக்கும், பொலிஸும் மறிக்கும். ரிலேயின் சுவிட்ச் வயரைக் கையில் வைத்திருக்கும்போதே அதை ஹேண்ட் பிரேக் சுவிட்ச் வழியாகக் கொண்டுபோய்விடலாம். பெரும்பாலான வான்களில் அந்தச் சுவிட்ச் பிரேக்கை இழுத்தால் எர்த்தைக் கொடுக்கும். 85ஐப் பொடிக்குப் பதிலாக அதில் மாட்டினால், பிரேக் போட்ட வானில் மட்டுமே வெளி லைட் எரியும். அதே வயரில்தான் டெஷ்போர்டின் பிரேக் விளக்கும் இருக்கிறது. அதனால் இங்கேயும் ஒரு டயோட் வேண்டும், வெள்ளிக் கோடு ஹேண்ட் பிரேக் சுவிட்சைப் பார்த்து.